மஸீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல் கான்: மூலிகையின் ஆற்றலும் அதன் எல்லையும்

செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்றது என்பதை யாவரும் அறிவர். இப்பகுதி வீடுகளில் சமையலுக்கு எது உண்டோ அதுவே மருந்தும் ஆகும். குளவி கொட்டினால் வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பார்கள். சளி கட்டினால் தூதுவளை, வயிறு உப்பினால் ஓமம், காய்ச்சலுக்கு நிலவேம்புக் கஷாயம் என்று வீட்டுக்கு வீடு பெரியவர்கள் ஒரு வைத்தியம் வைத்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த இந்தக் கை மருந்துகளை நாம் குறைத்துப் பேச வரவில்லை. நாமும் அவற்றைக் குடித்து வளர்ந்தவர்களே.

ஆயினும் அண்மையில் செட்டிகுளத்தில் நோயுற்ற ஒரு மூதாட்டியை நலம் விசாரிக்கச் சென்றபோது கண்டது நம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த நன்னிமாவுக்குப் பல ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நாள்தோறும் சாப்பிட்டு வந்தவர், இரண்டு மாதமாக அதை அடியோடு நிறுத்திவிட்டார். சந்தையில் ஒருவர் விற்ற ஏதோ ஒரு வேர்ப்பொடியை மட்டும் வெந்நீரில் கலந்து குடித்து வந்திருக்கிறார். ஒரு நாள் தஹஜ்ஜுதுக்கு எழுந்தவர் தலை சுற்றி விழுந்து, நெற்றியில் காயத்துடன் படுத்திருந்தார். அந்தப் பொடி என்ன வேர் என்று மருமகளுக்குத் தெரியவில்லை. மகனுக்கும் தெரியவில்லை. விற்றவர் எந்த ஊர் என்பதும் தெரியவில்லை. மூலிகைதானே, கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது என்பதே அந்த வீட்டார் நமக்குச் சொன்ன பதில். மாத்திரையை விட்டு மூலிகையைக் குடிப்பதுதான் தவக்குலுக்கும் சுன்னத்துக்கும் நெருக்கமானது என்றும் அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

இந்த எண்ணம் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆகவே, மூலிகை மருத்துவத்திற்காகவே தம் வாழ்நாளை அர்ப்பணித்த ஒரு பெருந்தகையின் வரலாற்றை இவ்விதழில் சொல்ல விரும்புகிறோம். மூலிகையை எவ்வளவு மதிக்க வேண்டும், எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதை அவர்களுடைய வாழ்க்கையைப் போல் எடுத்துக் காட்டுவது வேறில்லை.

பிறப்பும் கல்வியும்

ஹகீம் முஹம்மது அஜ்மல் கான் அவர்கள் ஹிஜ்ரி 1284 ஷவ்வால் பிறை 17-ல், அதாவது 1868 பிப்ரவரி 11 அன்று டில்லியில் பிறந்தார்கள். முகலாயர் காலம் தொட்டு அரண்மனை மருத்துவர்களாக விளங்கிய குடும்பம் அது. முன்னோர்களில் ஒருவரான ஹகீம் ஷரீஃப் கான் அவர்களின் பெயரால் ஷரீஃபி குடும்பம் என்றே அதை அழைப்பார்கள். பல்லிமாரான் தெருவில் இருந்த ஷரீஃப் மன்ஸில் என்னும் அவர்களுடைய இல்லம், டில்லி நோயாளிகளுக்கெல்லாம் தெரிந்த வாசல். தந்தையார் ஹகீம் மஹ்மூத் கான் அவர்களும், மூத்த சகோதரர்களான அப்துல் மஜீத் கான், வாஸில் கான் ஆகியோரும் பேர்பெற்ற ஹகீம்கள்.

இளம் வயதிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிஸ் ஆனார்கள். அரபு, பார்ஸி, மார்க்கக் கல்வி, தர்க்கம் ஆகியவற்றைக் கற்றபின் தந்தையிடமும் தமையனார்களிடமும் யூனானி வைத்தியம் பயின்றார்கள். யூனானி என்பது கிரேக்க நாட்டில் தோன்றி, அரபு நாட்டு அறிஞர்களின் கையில் வளர்ந்து, இந்தியாவுக்கு வந்து இந்நாட்டு மூலிகைகளையும் ஏற்றுக்கொண்ட மருத்துவம். இமாம் ராஸி, இப்னு ஸீனா போன்றோரின் கிரந்தங்களே அதன் அடிப்படை.

1892-ல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராக ஹகீம் சாஹிப் அவர்கள் அமர்ந்தார்கள். ஏறத்தாழ 10 ஆண்டுகள் அங்கே பணி செய்தார்கள். ராம்பூர் நூலகம் அரிய கையெழுத்துப் பிரதிகளுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்த பழைய மருத்துவ நூல்களை ஆழ்ந்து கற்க அந்த ஆண்டுகள் அவர்களுக்குப் பயன்பட்டன. தமையனார்கள் இருவரும் அடுத்தடுத்து மறைந்ததும் குடும்பத்தின் வைத்தியப் பொறுப்பும், மூத்தவர் 1880-களில் டில்லியில் தொடங்கியிருந்த திப்பிய்யா மதரஸாவின் பொறுப்பும் அவர்கள் தோளில் விழுந்தன.

டில்லியில் தம்மிடம் வரும் ஏழைகளிடம் அவர்கள் கட்டணம் வாங்கியதில்லை. செல்வரோ சிற்றரசரோ வெளியூருக்கு அழைத்தால் மட்டும் நாள் ஒன்றுக்கு 1,000 ரூபாய். அப்படி வந்த பொருளில் பெரும் பகுதி பொதுப் பணிகளுக்கே சென்றது. இந்து, முஸ்லிம், சீக்கியர் என்ற பேதமின்றி மக்கள் அவர்களை நாடினார்கள். நாட்டின் குணமளிப்பவர் என்ற கருத்தில் மஸீஹுல் முல்க் என்று அன்புடன் அழைத்தார்கள்.

இரு முனைப் போராட்டம்

அந்த நாட்களில் நாட்டு வைத்தியத்திற்கு இரண்டு ஆபத்துகள் இருந்தன. ஒன்று வெளியிலிருந்து வந்தது. ஆங்கில ஆட்சியாளர்களில் பலர் யூனானியையும் ஆயுர்வேதத்தையும் மூட வைத்தியம் என்று ஒதுக்கினார்கள். பம்பாய் மாகாணத்தில், மேனாட்டு மருத்துவம் கற்றவர்களை மட்டுமே மருத்துவராகப் பதிவு செய்யும் சட்டத்திற்கு முயற்சி நடந்தது. இதை எதிர்த்து ஹகீம் சாஹிப் அவர்கள் 1910-ல் யூனானி ஹகீம்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஒரே மேடையில் கூட்டி அகில இந்திய மாநாடு கண்டார்கள். இரு மருத்துவமும் ஒன்றாக நின்று தங்கள் உரிமையைக் கேட்டன.

இரண்டாவது ஆபத்து உள்ளிருந்து வந்தது. இதைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் கைகண்ட மருந்தின் செய்முறையைத் தந்தை மகனுக்கன்றி வேறெவருக்கும் சொல்லமாட்டார். ஆகவே அதைச் சோதிக்க எவராலும் முடியாது. கடைச்சரக்கில் கலப்படம் மிகுந்தது. ஒரு வேருக்குப் பதில் அதே சாயலுள்ள வேறொரு வேர் விற்கப்பட்டது. முறையாகக் கற்காத பலர் ஹகீம் என்ற பெயர்ப் பலகையைத் தொங்கவிட்டார்கள். இந்தக் குறைகளைத் திருத்தாமல், எங்கள் வைத்தியம் மேலானது என்று பெருமை மட்டும் பேசினால் அது நாளடைவில் அழிந்துவிடும் என்பதை ஹகீம் சாஹிப் அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஆகவே அவர்கள் வெறும் வாதத்தில் இறங்காமல் செயலில் இறங்கினார்கள். சரியான சரக்கைக் கொண்டு, சரியான முறையில் மருந்து செய்து விற்பதற்கு ஹிந்துஸ்தானி தவாக்கானா என்ற மருந்துச்சாலையை டில்லியில் ஏற்படுத்தினார்கள். அதன் வருவாயைத் தம் குடும்பத்துக்கு வைத்துக்கொள்ளாமல் மருத்துவக் கல்விக்கு உரியதாக்கினார்கள். பெண்களுக்கு மகப்பேறு மருத்துவம் கற்பிக்க 1909-ல் ஒரு பள்ளியையும் திறந்தார்கள். பர்தாவைக் காத்தபடியே பெண்கள் கல்வி பெற்றுப் பிற பெண்களின் உயிரைக் காக்க வேண்டும் என்ற அவர்களின் கவலை, அக்காலத்தில் மிக அரிது.

இலண்டனில் ஒரு சோதனை

1911-ல் ஹகீம் சாஹிப் அவர்கள் ஐரோப்பா சென்று அங்குள்ள மருத்துவமனைகளைக் கண்டு வந்தார்கள். இலண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்த இளம் இந்திய டாக்டர் முக்தார் அஹ்மத் அன்ஸாரி அவர்களின் நட்பு அங்கேதான் கிட்டியது. பின்னாளில் இருவரும் தேசப் பணியில் இணைபிரியாத் தோழர்கள் ஆனார்கள்.

அம்மருத்துவமனையில் நடந்ததாக அவர்கள் வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். வயிற்று நோயாளி ஒருவரைத் தலைமை அறுவை மருத்துவர் சோதித்து, நோய் இன்ன இடத்தில் என்று கூறினார். ஹகீம் சாஹிப் அவர்கள் நாடியையும் உடலையும் பார்த்து வேறோர் இடத்தைக் கூறினார்கள். மறுநாள் அறுவை நடந்தபோது ஹகீம் சாஹிப் அவர்கள் சொன்னதே சரியென்று தெரிந்ததாம்.

இதைச் சொல்லி நம்மவர்கள் மார்தட்டிக்கொள்வதுண்டு. ஆனால் இதில் அடங்கியுள்ள பாடம் வேறு. தாம் சொன்னது சரியா தவறா என்பதை எல்லோர் முன்னிலையிலும் கத்தி முனையில் சோதித்துப் பார்க்க அவர்கள் அஞ்சவில்லை. தவறானால் தவறென்று தெரியட்டும் என்று நின்றார்கள். சந்தையில் பொடி விற்றுவிட்டு மறுநாள் ஊர் மாறிப் போகிறவரிடம் இந்தத் துணிவு உண்டா என்பதை நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திப்பிய்யா கல்லூரி

ஊர் திரும்பியதும் ஒரு பெரிய கல்லூரிக்குத் திட்டமிட்டார்கள். டில்லி கரோல்பாகில் ஆயுர்வேத யூனானி திப்பிய்யா கல்லூரிக்கு 1916 மார்ச் 29-ல் வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13-ல் அதைத் திறந்து வைத்தவர் மகாத்மா காந்தியடிகள். இந்த ஐந்தாண்டில் நாட்டின் நிலையும் ஹகீம் சாஹிப் அவர்களின் நிலையும் எவ்வளவு மாறிவிட்டன என்பதை இவ்விரு பெயர்களே சொல்லும். கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமையும் எழுந்தபோது, அரசு தமக்களித்த ஹாஸிக்குல் முல்க் பட்டத்தை 1920-ல் துறந்தார்கள். அதே ஆண்டில் தோன்றிய ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தராகி, இறுதி மூச்சு வரை அப்பொறுப்பில் இருந்தார்கள். 1921-ல் அஹமதாபாத் காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்கள். முஸ்லிம் லீக், கிலாபத் மாநாடு ஆகியவற்றிற்கும் தலைமை ஏற்ற பெருமை அவர்களுக்கு உண்டு.

கல்லூரித் திறப்பு நாளில் காந்தியடிகள் பேசியது கவனிக்கத்தக்கது. விருந்தினராக வந்தவர் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. மேனாட்டு விஞ்ஞானிகளிடம் உள்ள ஆராய்ச்சி மனப்பான்மையை அவர் பாராட்டினார். நம் வைத்தியர்களும் ஹகீம்களும் பழைய செய்முறைகளை ஏன், எப்படி என்று கேளாமல் அப்படியே பின்பற்றுகிறார்கள் என்று மேடையிலேயே குறை கூறினார். வேறொருவராக இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். ஹகீம் சாஹிப் அவர்களுக்கோ அது தம் உள்ளத்தில் இருந்த கவலையே. அதனால்தான் அக்கல்லூரியில் உடற்கூறும் அறுவை முறையும் பாடமாயின. யூனானியும் ஆயுர்வேதமும் அங்கு ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன.

அஸ்ரோல் வேரின் கதை

மருந்தை ஆராய ஒரு தனிக் கூடம் வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் சர்வகலாசாலையில் இரசாயனம் பயின்று 1927-ல் டாக்டர் பட்டம் பெற்ற ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி என்ற இளைஞரை அதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள். கூடத்திற்கான திட்டமும் உருவாயிற்று. ஆனால் அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது. ஹிஜ்ரி 1346 ரஜப் மாதம், 1927 டிசம்பர் 29-ல், ராம்பூரில் இருந்தபோது இதய நோயால் ஹகீம் சாஹிப் அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்கள் கண் மூடிய பின்னரே ஆராய்ச்சிக் கூடம் திப்பிய்யா கல்லூரியில் இயங்கத் தொடங்கியது.

அங்கே ஸித்தீக்கி அவர்கள் எடுத்துக்கொண்ட முதற்பெரும் பணி அஸ்ரோல் என்ற வேர். தமிழில் சர்ப்பகந்தி என்பது அதுவே. மன நோய்க்கும் தூக்கமின்மைக்கும் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. பீகார்ப் பகுதியில் பைத்தியத்துக்கு மருந்து என்றே அதற்குப் பெயர். ஹகீம் சாஹிப் அவர்களும் அதைக் கையாண்டவர்களே. ஸித்தீக்கி அவர்கள் அந்த வேரிலிருந்து 1931-ல் ஐந்து சத்துகளைப் பிரித்தெடுத்தார்கள். தம்மை ஆளாக்கிய பெரியவரின் நினைவாக அவற்றில் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டார்கள். ஒரு ஹகீமின் பெயர் உலகத்து இரசாயன நூல்களில் எல்லாம் ஏறியது இவ்வாறுதான்.

கதை அத்துடன் முடியவில்லை. அதே 1931-ல் வங்காளத்தில் கணநாத் சேன், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் அவ்வேர் இரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அவர்கள் 50 இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, அளவெடுத்து, விளைவுகளை ஆங்கில நாட்டு இதய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிஸர்பின் என்ற சத்து பிரிக்கப்பட்டது. அது உலகெங்கும் இரத்தக் கொதிப்புக்கும் மன நோய்க்கும் மாத்திரையாயிற்று. நாட்டு வேரில் ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஆனால் நன்மையைக் காட்டிய அதே சோதனைகள் தீமையையும் காட்டின. அளவு கூடியபோது நோயாளிகளில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளானார்கள். மூக்கடைப்பு, மந்தம், இரத்த அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்துபோதல் ஆகியவையும் கண்டன. ஆகவே அளவு குறைக்கப்பட்டது. பின்னர் வேறு மருந்துகள் வந்ததும் ரிஸர்பின் அரிதாகவே வழங்கலாயிற்று. அஜ்மலினின் நிலையும் அதுவே. மறைந்திருக்கும் ஒருவகை இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டறிய அதை ஊசி வழியே சிறிது சிறிதாகச் செலுத்திப் பார்க்கும் முறை இன்றும் ஐரோப்பிய மருத்துவமனைகளில் உண்டு. அப்போது நோயாளியின் இதயத்தை இயந்திரம் இடைவிடாது கண்காணிக்க வேண்டும். ஏனெனில் அந்த மருந்தே இதயத் துடிப்பைக் குலைத்துவிடவும் கூடும்.

இந்த ஒரு வேரின் கதை நமக்குச் சொல்வதென்ன? மூலிகையில் ஆற்றல் உண்டு என்றால் அதில் ஆபத்தும் உண்டு. குணப்படுத்தும் ஆற்றல் உள்ள எதற்கும் கெடுக்கும் ஆற்றலும் உண்டு. மூலிகை பலிக்கும், ஆனால் எந்தக் கெடுதலும் செய்யாது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர் மூலிகையை அறியாதவர். பழைய ஹகீம்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். யூனானி மருந்து நூல்களைத் திறந்தால், ஒவ்வொரு சரக்கின் கீழும் அதன் குணத்தை மட்டுமல்லாமல், அது எந்த உறுப்புக்குக் கெடுதல், அக்கெடுதலை முறிக்கும் சரக்கு எது, அது கிடைக்காவிடில் மாற்று எது, உட்கொள்ளும் அளவு எவ்வளவு என்பவற்றையும் வரிசையாகக் காணலாம். கெடுதி என்ற தலைப்பு அந்நூல்களில் இருக்கிறது. சந்தைப் பொடியின் காகித உறையில்தான் அது இல்லை.

மார்க்கம் காட்டும் வழி

இனி, மாத்திரையை விட்டு மூலிகையைக் குடிப்பது சுன்னத்து என்ற எண்ணத்தைப் பார்ப்போம். எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக புகாரி ஷரீஃபில் காண்கிறோம். நிவாரணம் இலையில்தான் உண்டு, மாத்திரையில் இல்லை என்று அதில் பிரிவினை ஏதுமில்லை. ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, தகீஃப் கோத்திரத்து ஹாரித் இப்னு கலதாவிடம் செல்லுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்று அபூதாவூது கூறும். அவர் மருத்துவம் அறிந்தவர் என்பதே அதற்குக் காரணம். அறிந்தவரை நாடுவதே சுன்னத்து என்பதை இது காட்டுகிறது.

திர்மிதீயில் வரும் ஒரு செய்தி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மலமிளக்க எதைப் பயன்படுத்துகிறீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களைக் கேட்க, ஷுப்ரும் என்ற செடியை அவர்கள் கூறினார்கள். அது மிகக் கடுமையானது என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். பின்னர் அந்த அம்மையார் ஸனா இலையைப் பயன்படுத்தினார்கள். இரண்டும் மூலிகைகளே. ஒன்று கடுமையென்று தவிர்க்கப்பட்டது, மற்றொன்று ஏற்கப்பட்டது. ஸனா என்பது நம் தென்பாண்டிச் சீமையில் விளைந்து, திருநெல்வேலியின் பெயராலேயே வெளிநாடுகளில் விற்பனையாகும் நிலாவாரைதான். அதையும் நாள் கணக்கின்றித் தொடர்ந்து உட்கொண்டால் உடலின் உப்புச் சத்து குறைந்து தளர்ச்சி உண்டாகும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மருத்துவம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்பது அபூதாவூது, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் வரும் ஹதீஸின் கருத்து. சந்தையில் பொடி விற்பவருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அன்று இது. எனக்கு இது கேட்டது, நீயும் குடி என்று அண்டை வீட்டாருக்குப் பொட்டலம் கொடுக்கும் நாமும் அதை எண்ணிப் பார்க்க வேண்டும். தம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது திருமறையின் ஸூரத்துல் பகராவில் வரும் கட்டளை.

நம் வீட்டு மருந்துப் பெட்டி

நம் நாட்டுச் சரக்குகளிலேயே சில உதாரணங்களைக் காட்டுவோம்.

மூட்டு வலிக்கு யூனானியில் சூரஞ்சான் என்ற கிழங்கு பழங்காலம் முதல் வழங்குகிறது. அதில் இனிப்பு, கசப்பு என இரு வகை. கசப்பு வகையை மேல் பூச்சுக்கன்றி உள்ளே கொடுக்கலாகாது என்பது ஹகீம்களின் விதி. அதிலுள்ள கால்சிசின் என்ற அதே சத்து நம் செங்காந்தள் கிழங்கிலும் உண்டு. கண்வலிக் கிழங்கு என்று நம் விவசாயிகள் பயிரிடுவது அதைத்தான். மருந்துக் கம்பெனிகளுக்கு அதன் விதை ஏற்றுமதியாகிறது. கிழங்கைத் தெரியாமல் தின்றால் உயிர் போகும்.

ஆடுதின்னாப்பாளை நம் கிராமங்களில் புழுவுக்கும் விஷக்கடிக்கும் கொடுக்கப்படும் செடி. அவ்வினத்துச் செடிகளில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தை அழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இன்று ஐயமற்ற உண்மை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் இளைக்க அவ்வினத்து மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. ஒரு செடிக்குப் பதில் வேறொரு செடி சேர்ந்துவிட்டதே அதற்குக் காரணம். ஹகீம் சாஹிப் அவர்கள் கவலைப்பட்ட அதே சரக்கு மாற்றம்தான்.

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்கிறோம். சுட்டு உரசிப் பச்சிளங் குழந்தையின் நாக்கில் தடவுகிறோம். அதிலுள்ள ஒரு சத்து எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968-ல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை செய்தது. குழந்தைகளுக்கு உரை மருந்து ஊட்டாதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது வீணன்று. தேன் மருந்தென்று திருமறை கூறுவது உண்மை. ஆயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடல் முதிராததால், தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் நஞ்சு அதைத் தாக்கக் கூடும்; பால் குடிக்கும் பருவத்தில் தேன் புகட்டுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

மூலிகையோடு உலோகம் சேர்வது மற்றோர் ஆபத்து. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருக்கக் கண்டார்கள். நம் நாட்டுச் சட்டத்திலும் ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளில் சேரும் நச்சுச் சரக்குகளுக்கு ஒரு தனிப் பட்டியல் உண்டு. அவை சேர்ந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் இருத்தல் அவசியம்.

ஆகவே மூலிகையைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஹகீம் சாஹிப் அவர்களின் வழியில் நடங்கள் என்கிறோம். பெயர் தெரியாத பொடியை வாயில் போடாதீர்கள். உரிமம் பெற்ற தயாரிப்பா என்று உறையைப் பாருங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை, அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். மாத்திரையும் மூலிகையும் சேர்ந்து உண்பதானால் இரு தரப்பாருக்கும் அதைச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையும் சிறுகுறிஞ்சானும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

யூனானி வேண்டுவோர் கற்றவரிடம் செல்லலாம். நம் மாகாணத்திலும் அதற்கு வழி செய்தவர்கள் இருந்தார்கள். நாட்டு மருத்துவங்களை ஆராய 1921-ல் சென்னை அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் முஹம்மது உஸ்மான் அவர்கள். 1923-ல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையை ஒட்டியே சித்த, ஆயுர்வேத, யூனானி மூன்றையும் கற்பிக்கும் பள்ளி சென்னையில் எழுந்தது. இன்று அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும், இராயபுரத்தில் மத்திய அரசின் யூனானி ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. ஹகீம் சாஹிப் அவர்கள் பிறந்த பிப்ரவரி 11, யூனானி நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது.

செட்டிகுளத்து நன்னிமாவின் செய்தியைச் சொல்லி முடிப்போம். நாம் வற்புறுத்தியபின், அவருடைய மகன் அந்தப் பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு தாயாரை டாக்டரிடம் அழைத்துச் சென்றார். கொதிப்பு மிக உயர்ந்திருந்ததாம். மீண்டும் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அல்ஹம்து லில்லாஹ், இப்போது தேறி வருகிறார். இரவில் ஓமத் தண்ணீர் குடிக்கலாமா என்று டாக்டரையே கேட்டிருக்கிறார். தாராளமாகக் குடிக்கலாம் என்று அவரும் சிரித்தபடி சொன்னாராம். இப்படிக் கேட்டுக் குடிப்பதைத்தான் நாம் எல்லா வீடுகளிலும் காண விரும்புகிறோம்.

மருந்தைப் படைத்தவனும் அதற்கு அளவை வைத்தவனும் அல்லாஹ்வே. ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் கப்ரை அவன் ஒளிமயமாக்கி வைப்பானாக. நம் இல்லங்களில் நோயுற்றிருப்போர் யாவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.